இரண்டாவது ஜாமீன்

கடிதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.
சின்னாண்டி அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது.
அவர் என் இரண்டாவது ஜாமீன்.
முதல் ஜாமீன் போன வருடமே ஜொகூருக்குக் குடிபோனார்,
முகவரி சொல்லாமல்.

பகாவில் மழை விட்ட சனிக்கிழமை.
லோரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு
ஒரு கையில் பழுப்பு உறை,
மறு கையில் அப்பம் பாலிக் பொட்டலத்தோடு வந்தார்.
"வேலை வந்திருச்சு போல. கம்பெனி முத்திரை இருக்கு.
நான் பிரிக்கல, நீயே படி."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.
பட்டமளிப்புக்குப் போக வேன் பேசி
ஐம்பது வெள்ளி முன்பணம் கொடுத்திருந்தாள்.
அவள் ரவிக்கை பாதி தைத்தபடி
தையல் மெஷினில் கிடந்தது, ஒரு கையோடு.
விழாவைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.
தள்ளி வைக்கப்பட்டது விழா அல்ல.

வெப்ப இயக்கவியல். நாற்பது வேண்டும், முப்பத்தேழு.
மறுபடி எழுதினேன், முப்பத்தெட்டு.
ஆறு மாதத்துக்கு ஒரு மதிப்பெண்.

கம்பெனி எழுதும் மலாய் நீளமானது.
பலகை இல்லாத செம்பனைக் காட்டில்
லோரி வழி தேடுவதுபோல
ஒரு வாக்கியத்துக்குள்ளேயே நாலு திருப்பம்.
படித்தேன்.
"குறித்த தவணைக்குள் படிப்பை முடிக்காத பட்சத்தில்"
என்ற இடத்தில் தொண்டை நின்றது.

அங்கேயே மடித்துவிட்டு
நல்ல சேதிதான் என்று சொல்லியிருக்கலாம்.
நாலாம் வகுப்போடு நின்றவர், நம்பியிருப்பார்.
ஆனால் கடைசி வரியில் அவர் பெயர் இருந்தது.
சின்னாண்டி, தகப்பன் பெயர் பூச்சி,
அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கமும்.
அதற்குப் பக்கத்தில்
அறுபத்தெட்டாயிரத்து நானூறு வெள்ளி.

அம்மா உட்காரவில்லை.
போய் மெஷினின் உறையை இழுத்து மூடினாள்.

"என் லோரிய வித்தா நாப்பது வரும்" என்றார்.
மிரட்டல் இல்லை, கணக்கு.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது:
"பாஸ் ஆகாததுக்கு இல்ல புள்ள.
நான் தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டு வந்தேன்."
கோப்பியைத் தொடாமல் போனார்.
அப்பம் பாலிக்கை இரவு தம்பி தின்றான்.

தவணை நீட்டிக்கும் பாரத்தில்
'காரணம்' என்று இரண்டு கோடு இடம்.
அம்மாவுக்குச் சுகமில்லை என்று போடு, எல்லாரும் அதைத்தான் போடுவார்கள்
என்றாள் அறைத்தோழி கீர்த்தனமலர்.
அம்மா கையுறைத் தொழிற்சாலையில்
இரவு ஷிப்டு முடித்து அப்போதுதான் தூங்கினாள்,
கல் மாதிரி.
பாடம் புரியவில்லை, கேட்க வெட்கப்பட்டேன்
என்று எழுதினேன். ஒரு கோடு மிச்சம்.

பாரத்தில் ஜாமீன் மறுபடியும் கையெழுத்திட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஆலை வாசலில்
பதினோரு லோரி வரிசை. அவருடையது ஏழாவது.
படிப்பை முடித்தால்
ஐந்து வருடம் நான் இங்கேதான் உழைக்க வேண்டும்.
நீராவிக் குழாயின் சத்தம்
பிறந்ததிலிருந்து என் காதில் இருக்கிறது.
அதன் சூத்திரம்தான் நிற்க மாட்டேன் என்கிறது.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
முதல் தடவை, நாலு வருடத்துக்கு முன்,
எங்கே என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்
இப்போது இன்ஜினை அணைத்தார்.
"எல்லா வரியும் படி. சின்ன எழுத்தையும்."
படித்தேன். சின்ன எழுத்தையும்.
"இந்தத் தடவ முடிச்சிருவியா?"
"தெரியலண்ணே. டியூஷனுக்குச் சேர்ந்திருக்கேன்."
ஸ்டியரிங் மேல் தாளை வைத்து
முள் கிழித்த விரலால் மெதுவாகப் பெயரை எழுதினார்.
தாளின் ஓரத்தில் பழ எண்ணெய் ஒட்டியது.

எடை மேடை வந்தது.
"ஆள் இறங்கணும்" என்று கத்தினான் காவலாளி,
"எடையில சேரக் கூடாது."
பாரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
லோரி மேலே ஏறியது.
சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு
நான் இல்லாமல் நின்றன.